பெருசா எடுத்துக்குங்க சார்!

எங்கள் வீட்டில் ஒரு தட்டு இருக்கிறது. கறுப்பு நிறம். ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம். விருந்தாளிகள் வந்தால் ஆறு காபி டம்ளரைத் தாராளமாக அடுக்கிக் கொண்டுவரலாம். வழுக்காது. துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். ‘நீங்க வாங்கினதிலேயே உருப்படியான சாமான் இதுதாங்க’ என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதன் விலை எனக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் அது தட்டு அல்ல. பழைய போட்டோக்களைத் திருத்துவதற்காக ஆசைப்பட்டு நான் வாங்கிய டிராயிங் டேப்லெட்.

டேப்லெட் என்றதும் செல்போனின் பெரியண்ணன் மாதிரி ஒன்று இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இதில் படம் எதுவும் தெரியாது. வெறும் பலகை. கூடவே ஒரு பேனா. பலகையைக் கம்ப்யூட்டரில் இணைத்துவிட்டுப் பேனாவை அதன்மேல் ஓட்டினால், மானிட்டரில் அம்புக்குறி ஓடும். அழுத்தினால் கோடு தடிக்கும். மெல்லத் தொட்டால் மெலியும். மவுஸ் என்கிற சோப்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டு முகங்களைத் திருத்திக்கொண்டிருப்பவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சண்டை அளவைப் பற்றித்தான். அங்கேதான் நம்மை ஏமாற்றுகிறார்கள். சரியாகச் சொன்னால், நாமே போய் ஏமாறுகிறோம்.

* * *

அப்பா, அம்மாவின் கல்யாண போட்டோ ஒன்று வீட்டில் இருந்தது. கறுப்பு வெள்ளை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஈரம் இறங்கி, அம்மாவின் கன்னத்தில் குறுக்கே ஒரு வெடிப்பு. அப்பாவின் நெற்றியில் பூஞ்சைப் புள்ளிகள். ஸ்கேன் செய்து, போட்டோஷாப்பில் போட்டு, மவுஸோடு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் வெடிப்பு போய்விட்டது. கூடவே கன்னமும் போய்விட்டது. சிமென்ட் பூசிய மாதிரி ஒரு திட்டுதான் மிச்சம்.

‘பேனா டேப்லெட் வாங்கிடுங்க’ என்றார் லே-அவுட் செய்யும் நண்பர். ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையன் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தான். சின்னது, நடுத்தரம், பெரியது.

“என்ன வேலைக்கு சார்?”

“போட்டோ திருத்தணும்பா.”

“அப்ப பெருசா எடுத்துக்குங்க சார். போட்டோன்னா டீடெய்ல் வேணும்ல? சின்னதுல டீடெய்ல் வராது.”

“நடுவுல இருக்கே, அது?”

“அது காலேஜ் பசங்க வாங்குறது சார்.”

முடிந்தது கதை! நாற்பதைத் தாண்டிய ஆளை வீழ்த்த இதற்குமேல் என்ன வேண்டும்? ‘எதையும் செலவு இவ்வளவு, பயன் இவ்வளவு என்று பார்த்து வாங்கு’ என்று பி.காம். வகுப்பில் சொல்லிக் கொடுத்த வாத்தியாரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பெரிய பெட்டியைத் தூக்கி வந்தேன்.

மூன்று சாயங்காலம் போராடினேன். மேஜையில் கீபோர்டை வைத்தால் பலகைக்கு இடமில்லை. பலகையை வைத்தால் கீபோர்டு மடியில். மெனுவுக்கு ஒரு தடவை, லேயருக்கு ஒரு தடவை என்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கை அலைந்ததில், மூன்றாம் நாள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அம்மாவின் கன்னம் அப்படியே இருந்தது. பலகை சமையலறைக்குப் போனது.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் சொன்னது அவன் சொந்தக் கருத்தா என்ன? ஃபிரிட்ஜ், டி.வி., கார், கல்யாண மண்டபம் என்று எதற்குப் போனாலும் நம் ஊரில் இந்த ஒரே மந்திரம்தான்: பெருசா எடுத்துக்குங்க. ஃபிரிட்ஜ் பெரிதானால் இரண்டு கிண்ணம் பழைய சாம்பார் கூடுதலாக உள்ளே கிடக்கும். அவ்வளவுதான் நஷ்டம். நாள் முழுவதும் கையோடு இருக்கிற கருவி கைக்குமேல் பெரிதானால், கெடுவது கை.

* * *

‘சின்னதில் டீடெய்ல் வராது’ என்பது உண்மையா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

1983-ல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாகாம் இந்தத் தொழிலில் பழம் பெருச்சாளி. 2018-ல் அது வெளியிட்ட இன்டுவோஸ் மாடலில் சின்ன பலகையின் வேலை செய்யும் பரப்பு 152-க்கு 95 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்தில் 2,540 கோடுகளைப் பிரித்து உணரும் என்கிறது அதன் விவரக் குறிப்பு. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 100. அகலம் முழுவதற்கும் 15,200. உங்கள் மானிட்டர் ஃபுல் எச்.டி. என்றால் அதன் அகலத்தில் இருப்பது 1,920 பிக்சல். விலை உயர்ந்த 4கே என்றாலும் 3,840தான். ஆக, கடையில் இருக்கிற ஆகச் சின்ன பலகைகூட மானிட்டர் காட்டுவதைவிட ஏறக்குறைய நாலு மடங்கு முதல் எட்டு மடங்கு வரை நுணுக்கமாக உணர்கிறது!

எந்தப் பெட்டியிலும் டீடெய்லுக்குப் பஞ்சமில்லை. அப்புறம் எதற்கு மூன்று அளவு? உங்கள் கைக்காக.

மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்து, உள்ளங்கை அகல இடத்தில் மானிட்டர் முழுவதும் சுற்றி வந்துவிடலாம். பேனா அப்படியில்லை. பலகையின் இடது மேல் மூலையைத் தொட்டால் மானிட்டரின் இடது மேல் மூலை. வலது கீழ் மூலையைத் தொட்டால் அதே வலது கீழ் மூலை. நிலத்துக்கு வரைபடம் எப்படியோ, மானிட்டருக்குப் பலகை அப்படி. வரைபடம் ரொம்பச் சின்னதாக இருந்தால், அதில் ஒரு நூல் பிசகினால் நிலத்தில் ஓரடி பிசகும். ரொம்பப் பெரிதாக இருந்தால் விரிக்க இடம் கிடைக்காது.

24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். சின்ன பலகையில் கை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் திரையில் மூன்றரை சென்டிமீட்டர் நகரும். 216 மில்லிமீட்டர் அகலமுள்ள நடுத்தரப் பலகையில் இரண்டரை. 311 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய பலகையில் 1.7. உங்களிடம் இருப்பது 15.6 அங்குல லேப்டாப் என்றால், சின்ன பலகையிலேயே 2.3தான். 27 அங்குல மானிட்டர் என்றால் நடுத்தரப் பலகையில் 2.8.

என் கட்சி இதுதான்: போட்டோ வேலைக்கு இந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்தால் போதும். லேப்டாப்காரருக்குச் சின்னது. 24, 27 அங்குல மானிட்டர்காரருக்கு நடுத்தரம். மூன்றரை, நாலு என்று ஏறினால் விரலில் இருக்கிற சின்ன நடுக்கம் திரையில் பூதாகாரமாகத் தெரியும். அதனால் ‘எல்லாரும் சின்னதே வாங்குங்கள்’ என்றும் நான் சொல்லமாட்டேன். பகட்டைப்போலவே கஞ்சத்தனமும் இதில் நஷ்டக் கணக்குதான்.

‘என்கிட்ட ரெண்டு மானிட்டர் இருக்கே?’ என்று ஒருவர் கை தூக்குகிறார். இரண்டுக்கும் சேர்த்துப் பங்கிட்டால் நடுத்தரப் பலகையே ஐந்து மடங்காகிவிடும், வாஸ்தவம். அதற்காகப் பெரியது வாங்க ஓடாதீர்கள். செட்டிங்கில் பலகையை ஒரு மானிட்டருக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள். பைசா செலவில்லை.

இன்னொரு கணக்கு. போட்டோஷாப்பில் பெரும்பாலும் கருவிகள் இடது ஓரத்தில், லேயர்கள் வலது ஓரத்தில். ஒரு படத்துக்கு 40 தடவை பேனா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிலாகச் செய்பவர் ஒரு நாளில் 200 படம் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8,000 நடை. சின்ன பலகையில் கை போகும் தூரம் 1.2 கிலோமீட்டர். நடுத்தரத்தில் 1.7. பெரியதில் கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர்! காலால் இரண்டரை கிலோமீட்டர் நடந்தால் டாக்டர் முதுகில் தட்டிக் கொடுப்பார். தோளைத் தூக்கிக்கொண்டு தினம் கையால் நடந்தால்?

* * *

‘பெரிய பெரிய ஆர்ட்டிஸ்ட் எல்லாம் பெரிய பலகைதானே வச்சிருக்காங்க?’

ஆமாம். அவர்கள் வேலை வேறு. மார்கழியில் வாசலைப் பாருங்கள். கோலம் போடுகிறவர் இடுப்பை வளைத்து, கை முழுவதையும் வீசி இழை இழுக்கிறார். அதே பெண்மணி மருதாணி வைக்கும்போது மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு விரல்களால் வேலை செய்கிறார். வெள்ளைத் திரையில் நீண்ட கோடுகளை இழுக்கிற ஓவியருக்குக் கோலத்தின் அளவு வேண்டும். போட்டோ திருத்துவது மருதாணி.

போட்டோ திருத்துகிறவர் என்னதான் செய்கிறார்? படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு பருவையும் கீறலையும் ஹீலிங் பிரஷ்ஷால் தொட்டு எடுக்கிறார். தலைமுடியின் ஓரமாக மாஸ்க் போடுகிறார். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையைக் கொஞ்சம் வெளுக்கிறார். கன்னத்தின் நிழலைக் கொஞ்சம் அழுத்துகிறார். எல்லாம் குட்டிக் குட்டித் தொடுதல்கள். நுணுக்கம் வேண்டுமானால் பெரிதாக்க வேண்டியது பலகையை அல்ல, படத்தை. அதற்குக் கீபோர்டில் இரண்டு பட்டன் போதும்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததும் அல்ல. ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ என்று ஒரு வேலை உண்டு. சாய்வு மேஜையில் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி செய்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தின் தழும்பையும் சுருக்கத்தையும் மறைப்பார்கள். ஹாஃப் பிளேட் நெகட்டிவ் என்பது ஆறரைக்கு நாலே முக்கால் அங்குலம். மில்லிமீட்டரில் 165-க்கு 121. குவார்ட்டர் பிளேட் நாலே காலுக்கு மூணே கால் அங்குலம். அதாவது 108-க்கு 83. நம்முடைய சின்ன பலகை 152-க்கு 95. இரண்டுக்கும் நடுவில் வந்து உட்காருகிறது!

அந்தப் பரப்பில், கட்டைவிரல் அகலமே இருக்கிற முகத்தில், ஒரு பூதக்கண்ணாடியின் துணையோடு அவர்கள் வேலை செய்தார்கள். தப்பாகிவிட்டால் ‘அன்டூ’ கிடையாது. என் அம்மாவின் கல்யாணப் படத்தில் முகம் அவ்வளவு திருத்தமாக இருக்கிறதே, அதுவும் ஏதோ ஒரு டச்சிங்காரரின் பென்சில் வேலையாகத்தான் இருக்க வேண்டும். அந்த மனிதரிடம் போய் ‘சின்னதுல டீடெய்ல் வராது சார்’ என்று சொல்லிப் பாருங்களேன்.

* * *

இதுவரை சொன்னது என் காசு கரைந்த கதை. அது என் பாடு, காபித் தட்டின் பாடு. இதை எழுத உட்கார வைத்தது இன்னொருவர் கை.

அக்கா மகள் கல்யாணம் முடிந்து, ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். காவிரிக் கரை ஊர். பெயர் வேண்டாம். முன்னறையில் ஏ.சி. கண்ணாடி அலமாரியில் கேமரா, லென்ஸ், ட்ரோன். நடுவில் பெரிய மேஜை, பெரிய மானிட்டர், அதற்கு முன்னால் என் வீட்டுத் தட்டின் உடன்பிறப்பு மாதிரி பெரிய பலகை. முதலாளி பேனாவை எடுத்து, திரையில் மணப்பெண்ணின் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, “இங்க மட்டும் லைட்டா டச் பண்ணிடுவோம் மேடம்” என்றார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

டச் பண்ணுகிறவர் பின்னறையில் இருந்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுப் பையன். சுவரோடு ஒட்டி அடித்த குறுகலான பலகைமேல் கம்ப்யூட்டர். எங்கள் வீட்டுக் கல்யாணப் படங்கள் 1,400-ஐயும் அவன்தான் பார்க்கிறான். கையில் மவுஸ். மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ்.

“என்ன தம்பி ஆச்சு?”

“ஒண்ணுமில்ல சார். முகூர்த்த சீசன்ல இப்படித்தான் இழுக்கும். அப்புறம் சரியாயிடும்.”

“முன்னாடி பேனா பலகை இருக்கே, அதை எடுத்துக்க வேண்டியதுதானே?”

சிரித்தான். “அது ஷோவுக்கு சார். ரெண்டு தடவ கேட்டு வாங்கி வெச்சுப் பாத்தேன். இந்த இடத்துல நிக்கவே மாட்டேங்குது. கீபோர்ட எங்க வைக்கிறது?”

முதலாளியிடம் கேட்டேன். “எல்லாம் வாங்கிக் குடுத்தாச்சு சார். இவனுங்களுக்குப் பழக்கம் இல்ல. மவுஸுதான் செட்டாகுது” என்றார்.

பழி எவ்வளவு சுலபமாகக் கை மாறுகிறது, பாருங்கள்! பலகையை வாங்கியது யார்? முதலாளி. யாருடைய கையை, எந்த மேஜையை அளந்து வாங்கினார்? எதையும் இல்லை. வாடிக்கையாளரின் கண்ணை அளந்து வாங்கினார். பின்னறைக்குப் பொருந்தவில்லை என்றதும், குற்றம் பையனுடைய பழக்கத்தின்மேல். ஏழாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பர் செருப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு, ‘இவனுக்கு நடக்கத் தெரியலை’ என்கிற நியாயம் இது.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? அந்த முன்னறையை மனசுக்குள் ஒரு பேலன்ஸ் ஷீட்டாகப் போட்டுப் பார்த்தேன். கேமரா சொத்து. லென்ஸ் சொத்து. லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்கக் கூடாது என்று டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல். வருஷா வருஷம் எல்லாவற்றுக்கும் தேய்மானம் எழுதி, வரியில் கழித்துக்கொள்ளலாம். பின்னறையில் இருக்கிற கை மட்டும் செலவு. மணிக்கட்டுக்குத் தேய்மானம் எழுத எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி இல்லை.

இத்தனைக்கும் கூடுதலாக ஒரு ரூபாய் கேட்கவில்லை நான். முன்னறையில் வட்டம் போடுவதற்காக வாங்கிய அந்த ஒரு பெரிய பலகையின் விலையில், அங்கே திருத்தும் வேலை செய்கிற மூன்று பேருக்கும் ஆளுக்கொரு சின்ன பலகை வாங்கியிருக்கலாம். அந்தக் குறுகலான இடத்தில், அந்த மானிட்டருக்கு, அதுதான் பொருத்தமான அளவும்கூட. பேனா பிடித்தால் கை வலி பறந்தே போய்விடும் என்று நான் வைத்தியம் சொல்லவில்லை. வலி வந்தவர் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆனால், ஒரே பிடியில் சோப்புக்கட்டியை இறுக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் சொடுக்கிக்கொண்டிருக்கிற கைக்கு, மாற்றிப் பிடிக்க இன்னொரு கருவியாவது கிடைக்கும். கேட்பவர் யார்?

* * *

எதிர்க்கட்சிக்கும் பேச இடம் கொடுத்துவிடுகிறேன்.

‘பெருசை வேணும்னா சின்னதாக்கிக்கலாம். சின்னதைப் பெருசாக்க முடியுமா?’ இதுதான் கடைக்காரர்களின் பிரம்மாஸ்திரம். பாதி உண்மை. பெரிய பலகையில் ஒரு பகுதி மட்டும் வேலை செய்தால் போதும் என்று செட்டிங்கில் சொல்லிவிடலாம். ஆனால், சுருங்குவது பரப்புதானே? பலகையின் உடம்பு சுருங்குமா? 2017-ல் வந்த இன்டுவோஸ் புரோ பெரிய மாடலின் உடம்பு 43 சென்டிமீட்டர் நீளம். முழு கீபோர்டு சுமார் 45. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 88. மூன்றடி மேஜை முடிந்துவிட்டது! சமையலறையை மட்டும் பயன்படுத்துவதற்காக மூன்று படுக்கையறை ஃபிளாட்டுக்கு வாடகை கொடுப்பதைச் சாமர்த்தியம் என்று யார் சொல்வார்கள்?

அதே மாடலில் இன்னொரு வேடிக்கை. அதன் பரப்பு 311-க்கு 216. இன்றைய மானிட்டர்களோ பெரும்பாலும் 16-க்கு 9 என்ற அகலவாக்கில் இருப்பவை. வட்டம் போட்டால் வட்டமாகவே வர வேண்டும் என்று விகிதத்தைச் சரிசெய்தால், உயரத்தில் 175 மில்லிமீட்டர்தான் வேலை செய்யும். காசு கொடுத்து வாங்கிய பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தரிசு நிலம்.

‘திரையிலேயே வரைகிற பேனா மானிட்டர் வாங்கிட்டா?’ ஓவியருக்கு அருமையான கருவி. போட்டோக்காரருக்கு அந்தப் பணத்தில் நிறம் சரியாகக் காட்டும் நல்ல மானிட்டரும் ஒரு சாதாரணப் பலகையும் வாங்குவதே மேல் என்பேன். தன் கையே படத்தை மறைக்காது. குனிந்தே கிடக்கவும் வேண்டாம்.

‘ஏ.ஐ. வந்தாச்சு, இனிமே பேனா எதுக்கு?’ ஒரு சொடுக்கில் ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் கொடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், மணப்பெண் தலையில் மல்லிகைச் சரமும், அதற்குப் பின்னால் அதே வெள்ளையில் மேடை அலங்காரமும் இருந்தால் அது தடுமாறுவதை நானே பார்த்திருக்கிறேன். இயந்திரம் தடுமாறுகிற இடத்தில் யாரைக் கூப்பிடுகிறோம்? பின்னறைத் தம்பியைத்தான்.

* * *

சரி, கடைக்குப் போகப் போகிறீர்கள். அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு பரீட்சை.

ஒரு போஸ்ட் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள். 14-க்கு 9 சென்டிமீட்டர். சின்ன பலகை கிட்டத்தட்ட அதுதான். ஒரு ஏ-4 தாளைப் பாதியாக மடியுங்கள். அது நடுத்தரம். மடிக்காத ஏ-4 பெரியது. கீபோர்டை வழக்கமான இடத்தில் வையுங்கள். இடது கை அதன்மேல் இருக்கட்டும். பக்கத்தில் ஒவ்வொரு தாளாக வைத்து, ஐந்து நிமிஷம் மூலைக்கு மூலை பேனாவால் தொட்டுக்கொண்டே இருங்கள். முழங்கை உடம்பை விட்டு விலகிப் போகிறதா? தோள் தானாக மேலே ஏறுகிறதா? அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். இடத்தைக் கணக்கிடும்போது பலகையின் உடம்பு தாளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் ‘மீடியம் கொடுங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள். அது அளவு இல்லை, வெறும் பெயர். ஒரே வாகாம் கம்பெனியில் 2017 இன்டுவோஸ் புரோ மீடியம் 224-க்கு 148. 2018 இன்டுவோஸ் மீடியம் 216-க்கு 135. 2025-ல் வந்த புரோ மீடியம் 263-க்கு 148. மற்ற கம்பெனிகளின் கதை தனி. ‘வேலை செய்யும் பரப்பு எத்தனை மில்லிமீட்டர்?’ என்று கேளுங்கள். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் மானிட்டரின் அகலத்தை அதன் அகலத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வந்தால் பணத்தைக் கட்டுங்கள்.

நானும் அப்புறம் நடுத்தரப் பலகை ஒன்று வாங்கினேன். ஆமாம், காலேஜ் பசங்க வாங்குகிற அதே பெட்டி. அம்மாவின் கன்னம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சரியாகிவிட்டது. வெடிப்பை மட்டும்தான் எடுத்தேன். அந்த டச்சிங்காரரின் பென்சிலைத் தொடவில்லை. பழைய பலகையை, ஓவியம் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். அவளுக்கு அது சரியான அளவு. மனைவி தட்டை விடுவதாக இல்லை, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

அக்கா மகளின் ஆல்பமும் வந்துவிட்டது. அழகாக இருக்கிறாள். பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு மட்டும் அந்தக் கட்டுப் போட்ட மணிக்கட்டு ஞாபகம் வருகிறது.

அடுத்த முகூர்த்தத்துக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறவர்களே, ஸ்டூடியோவில் என்ன கேமரா, எத்தனை ட்ரோன் என்றெல்லாம் விசாரிக்கிறீர்கள். விசாரியுங்கள். முன்னறைப் பலகையில் முதலாளி வட்டம் போட்டு முடித்ததும், எழுந்து பின்னறையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். ‘படம் திருத்துற தம்பிக்கு என்ன வாங்கிக் குடுத்திருக்கீங்க?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பணம் கொடுக்கிறவர்கள் நீங்கள். உங்களுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.